வெறுங்கையால் முழம் போடலாம்
(இறுதியாண்டு டிப்ளமோ, கம்ப்யூட்டர் பிரிவு மாணவன்)



ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் நம் துறை வராண்டாவில் இரண்டே கேள்விகள்தான் காதில் விழும். ஒன்று, "டைட்டில் கிடைச்சுதா?" இன்னொன்று, "எந்த ஃப்ரேம்வொர்க்ல பண்றே?" இரண்டாவது கேள்விக்கு, "எதுவும் இல்லப்பா, வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான்" என்று சொல்லிப் பாருங்கள். வெறுங்கையால் முழம் போடுகிறவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை கிடைக்கும்.

முழம் என்பதே கையால் போடுவதுதானே? கோயில் வாசல் பூக்காரம்மா ஸ்கேல் வைத்தா அளக்கிறார்? பூ இருந்தால் கை போதும். நம் விஷயத்தில் பூ, எல்லோர் போனிலும் லேபிலும் இருக்கிற ப்ரவுசருக்குள்ளேயே இருக்கிறது. நோட்பேடும் ப்ரவுசரும் மட்டும் வைத்துக்கொண்டு, சர்வர் இல்லாமல், இன்ஸ்டால் எதுவும் செய்யாமல் ஓர் உபயோகமான அப்ளிகேஷனை எழுத முடியும். எப்படி என்பதைத்தான் இங்கே படிக்கப் போகிறோம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எடுத்துக்கொண்ட கணக்கு உங்கள் தலைவிதியையும் சேர்ந்ததுதான். அது அட்டெண்டன்ஸ் கணக்கு!

கோடு வரிகளை இங்கே அச்சடிக்கவில்லை. அச்சுக்குப் போகும் வழியில் நேர் மேற்கோள் குறிகள் வளைந்துவிடும், அரைப்புள்ளிகள் பறந்துவிடும். அதைப் பார்த்து அடித்தவர் என்னைத் தேடி வருவார். அதனால் வாயால் சொல்கிறேன், லேபில் உட்கார்ந்து நீங்கள் அடியுங்கள். விரலில் ஏறினால்தான் வித்தை.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை நடந்த வகுப்புகள் 60, நீங்கள் வந்தது 40. இனிமேல் ஒன்று கூட விடாமல் எத்தனை வகுப்புக்கு வந்தால் 75 எட்டும்? பல பேர் இதற்கு ஒவ்வொன்றாகக் கூட்டி லூப் போடுவார்கள். லூப்பே வேண்டாம். முக்கால் பங்கு என்பதை இரண்டு பக்கமும் நான்கால் பெருக்கிப் பாருங்கள்: மொத்த வகுப்பின் மூன்று மடங்கிலிருந்து வந்த வகுப்பின் நான்கு மடங்கைக் கழித்தால் விடை. 180-ல் 160 போக 20. சரிபார்ப்போம்: 60 வருகை, 80 வகுப்பு, கச்சிதமாக 75. விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் நீங்கள் தப்பித்தவர்.

இந்தச் சூத்திரத்தில் பின்னமே இல்லை, முழு எண்கள்தான். ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்றால், சதவீதத்தைக் கண்டுபிடித்து, அதை ரவுண்டு செய்து, பிறகு 75-உடன் ஒப்பிடுகிற ஆட்கள் உண்டு. 199 வகுப்பில் 149 வந்தவரின் சதவீதம் 74.87. ரவுண்டு செய்தால் திரையில் 75 என்று பளிச்சென்று தெரியும். ஆனால் அவருக்கு இன்னும் ஒரு வகுப்பு குறைகிறது! காட்டுவதற்கு ரவுண்டு செய்யலாம். முடிவு எடுப்பதற்கு ரவுண்டு செய்யக் கூடாது. இந்த ஒரு வகுப்புக்காக ஒருவன் ஹெச்.ஓ.டி. அறை வாசலில் அப்பாவோடு நிற்க வேண்டி வரும்.

சரி, இப்போது மார்க்கப். ஒரு ஃபார்ம், அதற்குள் இரண்டு இன்புட், ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள், ஒரு பட்டன், விடை காட்ட ஓர் அவுட்புட். 'அவுட்புட்' என்று நிஜமாகவே ஒரு டேக் இருக்கிறது, எச்.டி.எம்.எல்.-5 கொண்டுவந்தது. பலர் இதற்கும் டிவ்தான் போடுகிறார்கள். எதற்கெடுத்தாலும் டிவ் போடுவது எல்லாக் குழந்தைக்கும் ராஜா என்றே பெயர் வைப்பது மாதிரி. கூப்பிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் டேக்கின் பெயரை நம்பித்தான் வேலை செய்கின்றன. லேபிளை இன்புட்டோடு சரியாக இணைத்தால் இன்னொரு லாபமும் உண்டு: லேபிள் எழுத்தின் மேல் தொட்டாலே கர்சர் பெட்டிக்குள் போய்விடும். சின்னத் திரை போனில் இது பெரிய உதவி.

இன்புட்டின் வகையை 'நம்பர்' என்று கொடுத்து, குறைந்தபட்சம் பூஜ்யம், கட்டாயம் என்று இரண்டு குறிப்புகளைச் சேர்த்துவிட்டால், காலியாக விட்டாலோ மைனஸில் அடித்தாலோ ப்ரவுசரே தடுத்துக் கேள்வி கேட்கும். ஒரு வரி ஸ்கிரிப்ட் கூட இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் இந்தச் சோதனைக்குப் பதினைந்து, இருபது வரி எழுதி அலர்ட் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். மார்க்கப் தரநிலை வளர்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். நேற்று ஸ்கிரிப்ட் சுமந்த மூட்டையை இன்று ஒரு டேக் வாங்கிக்கொள்கிறது. மடக்கி விரிக்கிற பகுதிக்கு 'டீட்டெய்ல்ஸ்', மேலே எழும்பும் பெட்டிக்கு 'டயலாக்', தேதிக்கு ஓர் இன்புட் வகை. எழுத ஆரம்பிக்கும் முன், "இதற்கு ஏற்கனவே ஒரு டேக் இருக்கிறதா?" என்று ஒரு தடவை தேடிவிடுங்கள்.

அடுத்து ஸ்கிரிப்ட். ஃபார்முக்குள் உள்ள பட்டனுக்கு நீங்கள் வகை எதுவும் குறிப்பிடாவிட்டால் அது 'சப்மிட்' பட்டன். அமுக்கினால் ஃபார்மை அனுப்பி, பக்கத்தைப் புதிதாக ஏற்றிவிடும். நீங்கள் காட்டிய விடை கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்துவிடும். "விடை வந்துச்சு, ஆனா காணோம்" என்று முதலாண்டு தம்பிகள் லேபில் புலம்புவது இதனால்தான். பட்டனின் க்ளிக்கைப் பிடிக்காதீர்கள். ஃபார்மின் 'சப்மிட்' ஈவென்ட்டைப் பிடித்து, ஃபங்ஷனின் முதல் வரியிலேயே 'ப்ரிவென்ட் டிஃபால்ட்' சொல்லி ப்ரவுசரின் வழக்கமான வேலையை நிறுத்துங்கள். இப்படிச் செய்தால் என்டர் கீயை அமுக்கினாலும் கணக்கு நடக்கும்.

இப்போது ஒரு கண்ணி. இன்புட் பெட்டியின் 'வேல்யூ' எப்போதும் எழுத்துச் சரம்தான், வகை நம்பராக இருந்தாலும் சரி. நம் சூத்திரத்தில் பெருக்கலும் கழித்தலும் மட்டும் இருப்பதால் ஜாவாஸ்கிரிப்ட் அந்தச் சரத்தைத் தானாக எண்ணாக்கி 20 என்று சரியான விடையைத் தந்துவிடும். "அப்பாடா, வேலை செய்யுது" என்று நீங்கள் நிமிர்வீர்கள். பிறகு "இன்னும் 20 வந்தால் மொத்த வருகை எவ்வளவு?" என்று காட்ட 40-உடன் 20-ஐக் கூட்டுவீர்கள். வருவது 60 அல்ல, 4020! கூட்டல் குறிக்கு இந்த மொழியில் இரண்டு வேலை. ஒரு பக்கம் சரம் இருந்தால் ஒட்டிவிடும். ஆக, பாதி இடத்தில் சரியாகவும் பாதி இடத்தில் தப்பாகவும் வரும். அதுதான் ஆபத்து. முழுக்கத் தப்பாக வந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். மருந்து என்னவென்றால், உள்ளே வாங்கும் வாசலிலேயே எண்ணாக மாற்றிவிட வேண்டும். 'வேல்யூ ஆஸ் நம்பர்' என்ற பண்பு இதற்கென்றே இருக்கிறது. காலிப் பெட்டிக்கு அது 'எண் அல்ல' என்கிற விசேஷ மதிப்பைத் தரும். 'நம்பர்' ஃபங்ஷனிடம் காலிச் சரத்தைக் கொடுத்தாலோ பூஜ்யம் என்று சொல்லிவிடும். அட்டெண்டன்ஸ் போடாததும் பூஜ்யம் அட்டெண்டன்ஸும் ஒன்றா என்ன?

இதுவரை ஒரு பாடம். நமக்கோ ஏழு, எட்டு பாடம். சேர்க்க வேண்டும், திருத்த வேண்டும், நீக்க வேண்டும், நாளைக்குத் திறந்தால் இருக்கவும் வேண்டும். இங்கேதான் "ஃப்ரேம்வொர்க் இல்லாம முடியாது" என்று குரல் கேட்கும். கொஞ்சம் பொறுங்கள்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், விவரத்தைத் திரையிலேயே வைத்துக்கொள்வதில் வருகிறது. அட்டவணையின் மூன்றாவது கட்டத்தில் உள்ள எழுத்தைப் படி, எண்ணாக்கு, ஒன்று கூட்டு, திரும்ப எழுது, கீழே மொத்தத்தையும் மாற்று, நிறத்தையும் மாற்று... நாலு பட்டன் சேர்ந்ததும் எது எதை மாற்றியது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. வழி இதுதான். பாடங்கள் எல்லாம் ஓர் அரேயில் இருக்கட்டும். ஒவ்வொன்றும் பெயர், நடந்தது, வந்தது என்று மூன்று விவரம் உள்ள ஓர் ஆப்ஜெக்ட். அதுதான் நிஜம். திரை அதன் நிழல் மட்டுமே. 'வரை' என்று ஒரே ஒரு ஃபங்ஷன். அது அரேயைப் பார்த்து அட்டவணையை முதலிலிருந்து வரைந்துவிடும். பட்டன் எதுவானாலும் வேலை மூன்றே படி: அரேயை மாற்று, சேமி, வரை. திரையிலிருந்து எதையும் திரும்பப் படிக்காதே. பெரிய ஃப்ரேம்வொர்க்குகளின் உள்ளே ஓடுகிற அடிப்படை எண்ணமும் ஏறக்குறைய இதுதான். 2013-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் இந்த எண்ணத்தைத்தான் எல்லோரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கையால் ஒரு தடவை இதை எழுதியவனுக்கு ரியாக்ட் பாடம் பாதி முடிந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்வேன்.

ஒவ்வொரு வரிசையையும் வரைவதற்கு 'டெம்ப்ளேட்' டேக்கைப் பயன்படுத்துங்கள். அதற்குள் எழுதிய மார்க்கப் திரையில் தெரியாது. அச்சு மாதிரி சும்மா இருக்கும். அதை நகலெடுத்து, பெயரை நிரப்பி, அட்டவணையில் சேர்த்தால் போதும். நிரப்பும்போது 'டெக்ஸ்ட் கன்டென்ட்' மூலம் நிரப்புங்கள், 'இன்னர் எச்.டி.எம்.எல்.' வேண்டாம். ஏனென்றால் பாடத்தின் பெயர் என்ற இடத்தில் குறும்புக்காரன் ஒருவன் இல்லாத படத்தைச் சுட்டும் ஒரு படக் குறியை, பிழை வந்தால் ஓட வேண்டிய ஸ்கிரிப்டோடு சேர்த்து அடித்தால், இன்னர் எச்.டி.எம்.எல். அதை மார்க்கப்பாகவே எடுத்துக்கொண்டு ஓட்டிவிடும். டெக்ஸ்ட் கன்டென்ட் அதை வெறும் எழுத்தாக அப்படியே காட்டும். நம் சின்னக் கணக்குப் பக்கத்தில் இதனால் வீடு கொள்ளை போகாது, உண்மைதான். ஆனால் அதே கை நாளை ஒரு பாங்கின் பக்கத்தை எழுதும்.

எட்டு வரிசைக்கும் எட்டு நீக்கு பட்டன், ஒவ்வொன்றுக்கும் தனி ஈவென்ட் காவலாளி தேவையா? தேவையில்லை. ஈவென்ட் நீர்க்குமிழி மாதிரி உள்ளிருந்து மேலே ஏறி வரும். அட்டவணைக்கே ஒரு காவலாளியைப் போட்டு, க்ளிக் எந்தப் பட்டனிலிருந்து கிளம்பியது என்று பார்த்துக்கொண்டால் போதும். அழித்து வரைந்தாலும் அந்தக் காவலாளி இருந்த இடத்திலேயே இருப்பான்.

சேமிப்பதற்கு 'லோக்கல் ஸ்டோரேஜ்'. ஏறக்குறைய 5 எம்.பி. இடம், நமக்கு ஏராளம். எழுத்துச் சரம் மட்டுமே ஏற்றுக்கொள்ளும், அதனால் அரேயை ஜேசான் சரமாக மாற்றி வைத்து, எடுக்கும்போது திரும்ப மாற்ற வேண்டும். மாற்றாமல் அப்படியே ஆப்ஜெக்ட்டை வைத்தால் பிழை எதுவும் காட்டாமல் 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்ற இரண்டு வார்த்தையைச் சேமித்துக் கொண்டு, உங்கள் விவரத்தை விழுங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: லேப் கம்ப்யூட்டரில் இது பொது அலமாரி. உங்களுக்கு அடுத்து உட்காருகிறவர் அதே பக்கத்தைத் திறந்தால் உங்கள் அட்டெண்டன்ஸ் லட்சணம் அவருக்கும் தெரியும்.

பாடங்களையோ நண்பர்களின் பெயர்களையோ வரிசைப்படுத்த நினைத்தீர்களானால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் 'சார்ட்' எதையும் எழுத்தாகவே பார்க்கும். 100, 95, 8 என்ற எண்களைக் கொடுத்தால் 100, 8, 95 என்று அடுக்கும்! ஒப்பிடும் ஃபங்ஷன் ஒன்றை நாம்தான் தர வேண்டும். தமிழ்ப் பெயர்களில் வேடிக்கை இன்னும் அதிகம். கபிலன், கனி என்று இரண்டு பெயர். நம் அகரவரிசையில் ப முன்னால், ன கடைசி எழுத்து. ஆகவே கபிலன்தான் முதலில் வர வேண்டும். ஆனால் யூனிகோட் அட்டவணையில் ந-வுக்கு அடுத்த இடத்தில் ன உட்கார்ந்திருக்கிறது, அதற்கு அப்புறம்தான் ப. ஆகவே சும்மா சார்ட் செய்தால் கனி முந்திக்கொள்வார். 'லோக்கேல் கம்பேர்' என்ற ஃபங்ஷனுக்குத் தமிழ் என்று மொழிக் குறியீட்டைக் கொடுத்தால் அகரவரிசை சரியாக வரும். எழுத்துகளை எண்ணுவதும் அப்படியே. 'மதுரை' என்பதன் நீளத்தைக் கேட்டால் 5 என்கும். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று தனித்தனியாக எண்ணுகிறது. நமக்கு அது மூன்றெழுத்து. மூன்று என்று சரியாக எண்ண 'இன்ட்ல் செக்மென்டர்' என்ற வசதி இப்போது மொழியிலேயே வந்துவிட்டது. க்ரோமில் 2020-ல், ஃபயர்ஃபாக்ஸில் 2024-ல்தான். தமிழில் குறுக்கெழுத்துப் போட்டி பக்கம் செய்ய நினைப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன, ஒரு ப்ரவுசரில் 2020, இன்னொன்றில் 2024? இதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

எங்கள் துறை நூலக அலமாரியில் பழைய சீனியர்களின் ப்ராஜெக்ட் சி.டி.க்கள் அடுக்கியிருக்கின்றன. வெளி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கி ஒரு மதியம் முழுக்க அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வெறும் எச்.டி.எம்.எல்.-ல் எழுதிய பக்கங்கள் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் திறக்கின்றன. வரவேற்பு வாசகம் மார்க்கீயில் இன்னமும் ஓடுகிறது! ஃப்ளாஷில் செய்த அழகழகான பக்கங்கள் வெறும் சாம்பல் கட்டம். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷை நிறுத்திவிட்டது. விபி-ஸ்கிரிப்ட்டில் எழுதியவை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மட்டுமே நம்பியவை. அந்த ப்ரவுசருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் விடை கொடுத்துவிட்டது. உழைப்பு எல்லோருடையதும் ஒன்றுதான். எதன் மேல் கட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் வெளியிட்ட முதல் பட்டியலில் இருந்த டேக்குகள் இருபதுக்கும் குறைவு. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் உருவத்தை எழுதினார். அவசரத்தில் பிறந்த பிள்ளை, அங்கஹீனங்கள் சில உண்டு. 'நல்' என்பதன் வகையைக் கேட்டால் இன்றைக்கும் 'ஆப்ஜெக்ட்' என்றுதான் சொல்லும். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், திருத்தவும் முயன்றார்கள். அதை நம்பி ஓடும் பழைய பக்கங்கள் உடைந்துவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

தரநிலை எழுதுகிறவர்களின் முதல் சட்டமே அதுதான்: இருப்பதை உடைக்காதே. 2018-ல் அரேயைத் தட்டையாக்க 'ஃப்ளாட்டன்' என்று ஒரு வசதி சேர்க்கப் போனார்கள். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் தன் சொந்த வசதியை ஏற்கனவே வைத்திருந்தது. புதியது வந்ததும் ஏதோ ஒரு பழைய பக்கம் உடைந்தது. பெயரை 'ஸ்மூஷ்' என்று மாற்றலாம் என்று ஒருவர் கிண்டலாகச் சொல்ல, அதற்கு ஒரு பெரிய சண்டை நடந்து, கடைசியில் 'ஃப்ளாட்' என்று வைத்தார்கள். யாரோ எப்போதோ எழுதிய பக்கத்துக்காக உலகமே ஒதுங்கி வழிவிட்டது. நம் சீனியரின் மார்க்கீ ஓடுவதன் ரகசியம் இதுவே.

மார்க்கப் பக்கம் இந்த ஞானம் எளிதாக வரவில்லை. 1999 டிசம்பரில் எச்.டி.எம்.எல். 4.01 வந்த கையோடு, டபிள்யூ-3-சி அமைப்பு எக்ஸ்.எம்.எல். பாதையில் திரும்பிவிட்டது. 2000 ஜனவரியில் எக்ஸ்.எச்.டி.எம்.எல். எக்ஸ்.எம்.எல். விதிப்படி ஒரு டேக்கை மூட மறந்தாலும் பக்கம் முழுவதும் நிற்க வேண்டும், பிழைச் செய்தி மட்டும் தெரியும். ஒரு கமா விட்டதற்கு விடைத்தாளையே கிழித்துப் போடுகிற வாத்தியார் மாதிரி! அதற்கு அடுத்து வரவிருந்த எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2, பழைய பக்கங்களோடு ஒத்துப்போகவே போகாத திட்டம். 2004 ஜூனில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் நடந்த கூட்டத்தில் மொஸில்லாவும் ஓபெராவும், "இருக்கிற எச்.டி.எம்.எல்.-ஐயே அப்ளிகேஷன் எழுதத் தக்கபடி வளர்ப்போம்" என்று முன்வைத்தார்கள். வாக்கெடுப்பில் தோற்றார்கள். தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை; ஆப்பிளையும் சேர்த்துக்கொண்டு அந்த மாதமே டபிள்யூ.எச்.ஏ.டி.டபிள்யூ.ஜி. என்று தனிக் குழு தொடங்கிவிட்டார்கள். எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2-ஐ 2009-ல் கைவிட்டார்கள். எச்.டி.எம்.எல்.-5 2014 அக்டோபர் 28-ல் முறையான பரிந்துரையானது. 2019 மே மாதம் இரண்டு அமைப்புகளும் ஒப்பந்தம் போட்டு, தோற்றவர்களின் ஆவணமே ஒரே தரநிலை என்று ஒப்புக்கொண்டன. இப்போது அதற்குப் பதிப்பு எண்ணே கிடையாது. 'வாழும் தரநிலை' என்று பெயர், தொடர்ந்து திருத்தப்படுகிறது. எச்.டி.எம்.எல்.-6 எப்போது வரும் என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அவர்கள் ஜெயித்ததற்குக் காரணமான ஒரு சின்ன விதி நம் அப்ளிகேஷனிலும் இருக்கிறது. தெரியாத இன்புட் வகையைப் பார்த்தால் ப்ரவுசர் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் காட்ட வேண்டும். ஆகவே 'நம்பர்' வகை தெரியாத பழைய ப்ரவுசரிலும் நம் பக்கம் திறக்கும், எண் அடிக்கலாம். சோதனை மட்டும் நடக்காது. புதியதைப் போட்டாலும் பழையது சாகாது.

ஆனால் புதியது எல்லாமே தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ப்ரவுசருக்குள்ளேயே எஸ்.க்யூ.எல். எழுதலாம் என்று 'வெப் எஸ்.க்யூ.எல்.' வந்தது, ஃபயர்ஃபாக்ஸ் சேர்க்கவே இல்லை, 2010-ல் தரநிலை வேலையை நிறுத்திவிட்டார்கள், பின்னால் க்ரோமும் எடுத்துவிட்டது. ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தின் மார்க்கப்பை இறக்குமதி செய்யும் 'எச்.டி.எம்.எல். இம்போர்ட்ஸ்' கூகிள் பெரிதாக முன்னிறுத்தியது. மற்றவர்கள் ஏற்கவில்லை, 2020-ல் க்ரோமிலிருந்தே போய்விட்டது. டயலாக் டேக் க்ரோமில் 2014-லேயே வந்தும், ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் 2022 மார்ச்சில்தான் வந்தது, எட்டு வருஷம்! இப்போது அதை நம்பிப் பயன்படுத்தலாம். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் வேறு வேறு எஞ்சின். மூன்றிலும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஒன்றில் மட்டும் இருந்தால் அது என்னதான் மினுக்கினாலும் ப்ராஜெக்ட்டில் போட மாட்டேன். எட்ஜ், ஓபெரா எல்லாம் இப்போது க்ரோமின் எஞ்சினில்தான் ஓடுகின்றன, அவற்றைத் தனி ஓட்டாக எண்ணக் கூடாது.

ஃப்ரேம்வொர்க்குகளை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அழித்து அழித்து வரையும் நம் முறைக்கு ஒரு குறை உண்டு: வரிசைக்குள் ஓர் இன்புட் பெட்டி இருந்து, அதில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அட்டவணையைத் திரும்ப வரைந்தால் பெட்டி புதிதாகிவிடும், கர்சர் பறிபோகும். மாறிய இடத்தை மட்டும் கண்டுபிடித்துத் திருத்துவதைத்தான் ஃப்ரேம்வொர்க்குகள் நமக்காகச் செய்கின்றன. பத்துப் பேர் சேர்ந்து ஐம்பது திரை எழுதும் கம்பெனியில் அது வேண்டும். இன்டர்வியூவிலும் கேட்பார்கள், படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அவற்றின் ஆயுளையும் கணக்கில் எடுங்கள். கூகிளின் ஆங்குலர் ஜே.எஸ். 2010-ல் வந்தது, 2021 முடிவோடு அதன் ஆதரவும் முடிந்தது. இன்னொரு சம்பவம்: 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி பொட்டலத்தை அதை எழுதியவர் கோபத்தில் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்கிற சமாசாரம், அவ்வளவுதான். அதை நேரடியாகவோ சுற்றி வளைத்தோ நம்பியிருந்த எத்தனையோ ப்ராஜெக்ட்டுகள் அன்று பில்ட் ஆகாமல் நின்றன. அடுத்த வருஷத் தரநிலையில் அதே வேலைக்கு 'பேட் ஸ்டார்ட்' மொழியிலேயே வந்துவிட்டது.

நம் நிலைமையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வைவா நாளில் லேப் நெட் இருக்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். நெட்டிலிருந்து லைப்ரரி இழுக்கிற பக்கம் அன்று வெள்ளைத் திரையாக நிற்கும். எக்ஸ்டர்னல், "இந்தப் பட்டனை அமுக்கினால் உள்ளே என்ன நடக்குது?" என்று கேட்டால், "லைப்ரரி பார்த்துக்கும் சார்" என்று சொல்ல முடியாது. நீங்களே எழுதிய நூறு வரியில் எந்த வரியைக் கேட்டாலும் வாயில் இருக்கும்.

பென் டிரைவில் கொண்டுபோகிறவர்களுக்கு: ஃபைலை டபுள் க்ளிக் செய்து திறக்கும் பக்கத்தில் க்ரோம், ஸ்கிரிப்ட்டை 'மாட்யூல்' வகையாக ஏற்றாது, பக்கத்து ஃபைலை 'ஃபெட்ச்' செய்யவும் விடாது. பாதுகாப்புக்காகப் போட்ட தடை. வீட்டில் ஓடியது லேபில் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். வழி இரண்டு. ஸ்கிரிப்ட்டைச் சாதாரண வகையாகவே வைத்து 'டிஃபர்' என்று மட்டும் சேர்ப்பது. அப்போது மார்க்கப் முழுக்கப் படிக்கப்பட்ட பிறகுதான் அது ஓடும். அல்லது லேபில் பைத்தான் இருந்தால் அதோடு கூடவே வரும் சின்ன சர்வரை ஒரே கட்டளையில் அந்த ஃபோல்டரில் ஓட்டிவிடுவது. தலைப் பகுதியில் யு.டி.எஃப்-8 என்று எழுத்துக் குறியீட்டைக் குறிப்பிடவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சில மெஷின்களில் தமிழ் எழுத்து ஜிலேபி ஆகிவிடும்.

கடைசியாக, வீட்டுப்பாடம். 75-க்கு மேலே இருக்கிற பாக்கியவான்கள், "இன்னும் எத்தனை வகுப்புக்கு மட்டம் போடலாம்?" என்று கேட்பார்கள். வந்த வகுப்பின் நான்கு மடங்கிலிருந்து மொத்தத்தின் மூன்று மடங்கைக் கழித்து, மூன்றால் வகுத்து, பின்னத்தைக் கீழ்ப்பக்கமாக வெட்டிவிடுங்கள். 50-க்கு 40 வந்தவருக்கு 10-ஐ மூன்றால் வகுத்து 3. மூன்று மட்டம் போட்டால் 53-க்கு 40, தப்பித்தார். நாலாவது போட்டால் 74 சதவீதத்துக்கு இறங்கிவிடுவார். இந்த எண்ணையும் அதே அட்டவணையில் இன்னொரு பத்தியாகச் சேர்த்துப் பாருங்கள். அரேயில் புதிதாக எதையும் சேமிக்கத் தேவையில்லை, 'வரை' ஃபங்ஷனில் ஒரே வரி. இரண்டாவது வரி தேவைப்பட்டால் பக்கத்து டேபிளில் உட்கார்ந்து பேசுவோம், வாருங்கள்.